நடுவயது அணியின் குழி

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை லீவு. அந்த ஒரு நாளை நம்பித்தான் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, மாவு மில்லுக்குப் போவது, மத்தியானம் சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுப்பது எல்லாம் அன்றைக்குத்தான். எழுபதுகளின் நடுவில் போளூரில் நான் டைப்பிஸ்டாக இருந்த அலுவலகம் அது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் யாராவது விளக்கம் கேட்டு மெமோ அனுப்புவார்கள்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு புது அதிகாரி வந்தார். மெட்ராஸில் ஏதோ பயிற்சி முடித்த கையோடு வந்தவர். ஊழியர்கள் சோர்ந்து கிடக்கிறார்கள், அவர்களை வெளியே கூட்டிப் போய் ஊருக்கு உழைக்க வைத்தால் உற்சாகம் பிறக்கும், சின்னவர் பெரியவர் என்ற வித்தியாசம் போய் எல்லோரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள் என்று அங்கே யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு உற்சாகம் வர வேண்டுமென்றால் கோடையிலிருந்து ஓடாமல் நின்ற மின்விசிறியை ரிப்பேர் பார்த்தால் போதும். அது அவருக்குத் தோன்றவில்லை.

சிரமதானம் என்று பெயர் வைத்தார். இரண்டாம் சனிக்கிழமைதோறும் பக்கத்து மலைக்குப் போக வேண்டும். கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்று சர்க்குலரின் முதல் வரி சொன்னது. வர இயலாதவர்கள் திங்கட்கிழமை காலை அதிகாரியை நேரில் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும் என்று இரண்டாவது வரி சொன்னது. இரண்டையும் டைப் அடித்தவள் நான். ஆகவே விருப்பம் என்றால் என்னவென்று எனக்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

வயது வாரியாக அணி பிரித்தார். இளவட்டங்கள் இளைஞர் அணி. ரிட்டயர் ஆகும் வயதை நெருங்கியவர்கள் மூத்தோர் அணி. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் நடுவயது அணி. அலுவலகத்தில் முக்கால்வாசி அவர்கள்தான், இருந்த தொப்பைகளெல்லாம் அவர்களுடையவைதான். பெண் என்று இருந்தவள் நான் ஒருத்தி, எனக்காகவே மகளிர் அணி என்று ஒன்று. அதற்குத் தலைவியும் நானே, தொண்டரும் நானே. அதனால் எங்கள் அணியில் மட்டும் கடைசி வரை கோஷ்டிச் சண்டை வரவில்லை.

மூத்தோர் அணியின் தலைவர் எங்கள் ஹெட் கிளார்க். குடலிறக்கத்துக்கு பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறவர். பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதை அவர் அலுவலகத்தில் ரொம்பக் கவனமாகக் கடைப்பிடித்தார். இளைஞர் அணித் தலைவன் ஒரு ஜூனியர் அசிஸ்டெண்ட். பெல்பாட்டம் போடுகிறவன். அந்தப் பேண்ட்டின் அடிப்பாகத்தில் ஒரு கோழியைக் கவிழ்த்து மூடலாம். அவனிடம் எந்தக் கோப்பைக் கேட்டாலும் நாளைக்கு என்பான்.

ஜமுனாமரத்தூர் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் ஒரு சின்ன ஊர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊர் வரை பாதை கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. அதைச் சீர்படுத்துவது என்று முடிவாயிற்று. ஆவணியில் முதல் தடவை போனோம். இறங்கியதும் நடுவயது அணி செய்த முதல் வேலை பேனர் கட்டியது. ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபக்கம் தாழ்ந்தது. போளூரிலிருந்து கூட்டி வந்த போட்டோக்காரர் அதிகாரியின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ஓங்கச் சொன்னார். ஓங்கினார். வெயில் முகத்தில் விழவில்லை என்று திரும்பி நின்று ஓங்கச் சொன்னார், அப்படியும் ஓங்கினார். மண்வெட்டி அன்று மண்ணைத் தொடவே இல்லை.

ஹெட் கிளார்க்குக்காக அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலியைப் பியூன் தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். குடையும் கையுமாக அதில் உட்கார வைத்து, மூத்தோர் அணி மேற்பார்வை பார்க்கும் என்று அறிவித்தார் அதிகாரி. மனுஷர் கூசிப்போய்விட்டார். நடுவயது அணி வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றியது. கூடையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அதைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் முனகினார்கள்.

ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவர்களும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அடுத்தவன் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் அங்கே இல்லை. அதெல்லாம் எங்களைப் போல் படித்து வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் வரும். மத்தியானத்துக்குள் பாதையில் பாதி ஒழுங்காகிவிட்டது. அதிகாரி எங்களைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டினார்.

சோறு போட்டது ஒரு பெண்பிள்ளை. நாற்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் செத்துப் போய்விட்டான், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, கொஞ்சம் சாமைக் காடும் இரண்டு கையும்தான் அவளுக்கு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ஹெட் கிளார்க் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அதிகாரி எழுந்து பேசினார். இன்று முதல் உங்கள் வேலை எங்கள் வேலை, எங்கள் வேலை உங்கள் வேலை, நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் நாங்கள் வருவோம் என்றார். எங்களுக்குக் காதில் கூட விழவில்லை. இந்த மாதிரி வாக்கியங்களை நான் வாரத்துக்கு நாலு டைப் அடிக்கிறவள்.

அவள் மட்டும் எழுந்து நின்று கேட்டாள். "எப்ப கூப்ட்டாலும் வருவீங்களா சார்?"

"எப்போது கூப்பிட்டாலும்" என்றார் அதிகாரி. கைதட்டினோம்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவள் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அந்த ஊரில் அறுப்புக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. இன்றைக்கு உன் காட்டுக்கு நான் வருகிறேன், நாளைக்கு என் காட்டுக்கு நீ வா. வீடு வீடாக முறை வைத்துப் போவார்கள். ஆள் நிறைய இருக்கிற வீட்டுக்கு அது சௌகரியம். இவள் வீட்டில் இவள் ஒருத்தி. தன் காட்டுக்கு வந்து அறுத்த ஒவ்வொருவருக்கும் இவளே ஒரு நாள் திருப்ப வேண்டும். அதனால் இவள் முறை எப்போதும் கடைசியில்தான் வரும். சாமை முற்றிவிட்டால் நிற்காது, காற்றடித்தாலே உதிர்ந்துவிடும். வருஷா வருஷம் இவள் சோற்றில் ஒரு பங்கு மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் புரட்டாசியில் எங்கள் மேலதிகாரி வேலூரிலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அலுவலகத்தைச் சுற்றி நெருஞ்சியும் உடைந்த செங்கல்லும் பாம்புச் சட்டையும்தான் கிடந்தன. இரண்டாம் சனிக்கிழமை அதை எங்களைக் கொண்டே சுத்தம் செய்யலாம். ஆனால் அதிகாரி வேறு மாதிரி யோசித்தார். தொண்டு செய்கிற வாய்ப்பை நாம் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை, மலை மக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார். மலைக்குப் போகிற பஸ் டிரைவரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவள் வந்தாள். அண்ணன், தம்பி, அவர்கள் பெண்டாட்டிகள், சித்தப்பா வீட்டு ஆட்கள் என்று ஒரு கூட்டத்தோடு வந்தாள். காட்டிலிருந்து புங்கங்கன்றுகளை வேர் மண்ணோடு பிடுங்கி, இலையில் பொதிந்து, கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். முள்ளை வெட்டினார்கள், செங்கல்லை ஓரம் கட்டினார்கள், மேட்டைச் சரித்துப் பள்ளத்தை நிரப்பினார்கள், குழி எடுத்து வாசலிலிருந்து கேட் வரை இரு பக்கமும் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு அணிகளும் டீ குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நடுவயது அணியிலிருந்து ஒருவர் மட்டும் வெளியே போய், இந்தக் கன்று வரிசை கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பன் கொடுத்தோம்.

வேலூர்க்காரர் வரவில்லை. வருகை தள்ளிப்போடப்பட்டது.

ஐப்பசி பிறந்து சில நாள் ஆனதும் அவள் தனியாக வந்தாள். நேராக அதிகாரி அறைக்குள் போனாள். நான் உள்ளே சுருக்கெழுத்து எடுத்துக்கொண்டிருந்தேன், ஹெட் கிளார்க்கும் நின்றிருந்தார்.

"சாமை பழுத்துருச்சு சார். வர்ற ஞாயித்துக்கெழம அறுக்கணும். எல்லாரையும் அனுப்பி வைங்க. ஊர்ல இந்த வருசம் எனக்கு மொற வேணாம்னு சொல்லிட்டேன், ஆபீஸ்காரங்க வர்றாங்கன்னு."

அதிகாரி சிரித்த முகத்தோடு, ஆகட்டும்மா போயிட்டு வா என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும், இது என்ன புது வழக்கம் என்று எங்களைப் பார்த்தார். அவர்கள் ஆட்கள் ஒரு நாள் முழுக்க நமக்கு வேலை செய்தார்களே என்று ஹெட் கிளார்க் மெதுவாகச் சொன்னார். அது அவர்களுடைய தேசபக்தி என்றார் அதிகாரி. பாதை பொதுக்காரியம், தனி ஒருத்தியின் காட்டில் போய் அறுப்பது தொண்டில் சேராது, அதற்குப் பேனரில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் நின்று, இவர்களை நம்பாதீர்கள், ஊரிலேயே மறுபடி முறை கேளுங்கள் என்று சொன்னேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "ஊரு முன்னால நின்னு சொன்ன வார்த்தம்மா அது. அதெல்லாம் வருவாங்க." பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், இனிமேல் கேட்டாலும் நடக்காது என்றும் சொன்னாள். ஊரில் யார் யார் காடு எந்த நாள் என்று முடிவாகிவிட்டது. எங்கள் காம்பவுண்டைச் சுத்தம் செய்ய அவள் கூட்டி வந்த சொந்தக்காரர்களுக்கு அவள்தான் திருப்ப வேண்டும். அதனால் மற்ற நாளெல்லாம் அவள் அவர்கள் காட்டில் இருந்தாக வேண்டும். தன் காட்டுக்கு அவளுக்கு இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

சனிக்கிழமை மேஜை மேஜையாகப் போய்க் கேட்டேன். ஒருவருக்கு மகளின் காதுகுத்து. ஒருவருக்குத் துறைத் தேர்வு, அவர் அதை நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒருவருக்குச் சாமைத் தூசி ஒத்துக்கொள்ளாது. சாமையை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, பார்த்ததில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளாது என்றார். சர்க்குலர் இல்லாமல் எப்படிப் போவது என்று ஒருவர் சட்டம் பேசினார். அவரவர் விருப்பத்தை நிஜமாகவே ஒருத்தி கேட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டில் ஹெட் கிளார்க் உட்கார்ந்திருந்தார். இடுப்பு பெல்ட்டைத் தடவிக்கொண்டே, "ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டவன்மா நானு" என்றார். வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து தொற்றினான் பெல்பாட்டம். அவனை நான் கேட்கக்கூட இல்லை. வீட்டில் போரடித்தது என்றான். நான் நம்பவில்லை, ஆனால் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

அவள் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தாள். நாங்கள் இறங்கினோம். பஸ் புறப்பட்ட பிறகும் அவள் அதையே பார்த்தாள்.

"மத்தவங்க?"

"நாங்க மட்டுந்தாம்மா" என்றார் ஹெட் கிளார்க்.

நாங்கள் சீர்படுத்திய பாதையில் அவள் முன்னால் நடந்தாள். வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய அடுப்பில் பெரிய பானையில் சோறு வெந்துகொண்டிருந்தது. எல்லா அணிகளுக்குமாக உலை வைத்திருந்தாள். அந்தப் பானையைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

நாங்கள் செய்த வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. நான் கதிரை அறுப்பதற்கு முன் என் விரலை அறுத்துக்கொண்டேன். பெல்பாட்டம் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி வாழை நாரால் கட்டிக்கொண்டான், இரண்டு கால்களிலும் தலையணை கட்டியது போல் இருந்தது. ஆனால் அன்று எதையும் அவன் நாளைக்கு என்று சொல்லவில்லை. ஹெட் கிளார்க்கால் குனிய முடியாது. தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்துக் கட்டினார். அவர் வேட்டியின் பின்பக்கம் மலை மண்ணின் நிறமாகிவிட்டது. அவள் ஒருத்தி அறுத்தது எங்கள் மூவரைவிட அதிகம். பொழுது சாய்ந்ததும், அன்றைய முறைக் காட்டு வேலையை முடித்துவிட்டு அவளுடைய அண்ணன் தம்பிகள் வந்து வெளிச்சம் இருக்கும் வரை அறுத்தார்கள். அப்படியும் பாதிக் காடு நின்றது. நாங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கினோம்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. போளூரிலேயே ஓட்டைப் பிய்க்கிற மழை. நான் டைப் மிஷினை மூடி வைத்துவிட்டு மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நின்ற சாமை அவ்வளவும் உதிர்ந்து மண்ணோடு போயிற்று என்று வார முடிவில் பஸ் டிரைவர் வந்து சொன்னார். அந்த வருஷம் அவளுக்குப் பங்குனி வரைகூடச் சோறு இல்லை.

கார்த்திகையில் ஒரு வழியாக வேலூர்க்காரர் வருகிற நாள் முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் காலை பதினோரு மணி வாக்கில் கேட்டைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கூட அதே அண்ணன், தம்பி, பெண்டாட்டிகள், சித்தப்பா வீட்டு ஆட்கள். கையில் மண்வெட்டி, கூடை. அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, சொல்லாமலே வந்திருக்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னார்.

அவர்கள் கேட் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டி, வேர் அறாமல் மண்ணோடு தூக்கி, இலையில் பொதிந்து கூடையில் வைத்தார்கள். வைத்தபோது என்ன பதமாக வைத்தார்களோ அதே பதமாக எடுத்தார்கள். அடுத்த கன்றுக்குப் போனார்கள். அதிகாரிக்கு விஷயம் புரிய நாலைந்து கன்று ஆயிற்று. செருப்பில்லாமல் ஓடி வந்தார். இது அரசாங்க இடம் என்றார்.

"எடம் உங்களுது சார், நாங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் அவள். "கன்னு எங்க காட்டுது. வெச்ச கையி எங்களுது. வேல திரும்பி வரல, அதான் எடுத்துக்கினு போறோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. கடன் கேட்கிற தொனிகூட இல்லை. அதிகாரி உள்ளே திரும்பி ஆட்களைக் கூப்பிட்டார். நடுவயது அணி ஜன்னலை விட்டு மேஜைக்குப் போய், அவ்வளவு சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் சுறுசுறுப்புக்காகத்தானே மனுஷர் இவ்வளவு பாடுபட்டார், கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்தது.

வாசல் பக்கம் கடைசி மூன்று கன்று இருந்தபோது அவள் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதல் கன்றைக் காட்டி, "இது பெரியவருது" என்றாள். அடுத்தது பெல்பாட்டத்துடையது, அதற்கடுத்தது என்னுடையது. அந்த மூன்றுக்கும் வேலை திரும்பி வந்துவிட்டது, இருக்கட்டும் என்றாள். ஹெட் கிளார்க் படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அலுவலகத்தில் அத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலூர்க்காரர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கேட்டிலிருந்து இரு பக்கமும் காலிக் குழிகள். வாசலில் மூன்று கன்று. இது என்ன என்று கேட்டார். எங்கள் அதிகாரி அசரவில்லை. அந்தத் திறமைக்காகத்தான் அவரை அதிகாரியாக வைத்திருந்தார்கள். மூத்தோர் அணி, இளைஞர் அணி, மகளிர் அணி சார்பாக ஆளுக்கொரு கன்று நட்டிருப்பதாகவும், எல்லா வயதினரும் ஆர்வத்தோடு பங்கெடுத்ததாகவும் விளக்கினார். கன்றுக் கணக்குதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை, அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

வேலூர்க்காரர் மெச்சினார். பிறகு, "நடுவயசுக்காரங்களோடது எங்கே?" என்று கேட்டார்.

அதிகாரி பக்கத்தில் இருந்த காலிக் குழியைக் காட்டினார். அது தயாராகிக்கொண்டிருக்கிறது, மலையிலிருந்து கன்று வர வேண்டும் என்றார்.

அன்று மாலையே பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார், ஒரே ஒரு கன்று போதும் என்று. வரவில்லை. மற்ற குழிகளை மழை தூர்த்துவிட்டது. அந்த ஒரு குழியை மட்டும் அவர் மூட விடவில்லை, மேலிடத்துக்குக் காட்டிய குழி அல்லவா. எனக்கு மாற்றல் வந்து நான் கிளம்பும்போது எங்கள் மூன்று கன்றும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, நடுவயது அணி அவற்றின் நிழலில் சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்தது. குழியில் பெருக்குகிறவள் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.